ஒரு ஆணாக மன உறுதியையும் சுய ஒழுக்கத்தையும் வளர்த்துக்கொள்வது எப்படி?

காலை 5 மணிக்கு எழ வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், போனைக் குறைக்க வேண்டும் என்று திங்கட்கிழமை ஆரம்பிக்கிறீர்கள். வியாழக்கிழமைக்குள் எல்லாம் போய்விடுகிறது. "எனக்கு மன உறுதியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதி உங்களிடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அது நிற்பதற்கான ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்ட ஆண்களைக் கவனியுங்கள்.

கார்த்திகை முதல் தேதி துளசி மாலையோ ருத்ராட்ச மாலையோ போட்டுக்கொள்பவர்களில் தினமும் குடிப்பவர் உண்டு, பாக்கெட் பாக்கெட்டாக ஊதித் தள்ளுபவர் உண்டு, வெயில் ஏறாமல் படுக்கையை விட்டு எழாதவரும் உண்டு. அதே ஆட்கள் 41 நாள் விடியும் முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். சாயங்காலம் மறுபடி குளியல், சரணம். கறி மீன் கிடையாது, மது கிடையாது, புகை கிடையாது, பிரம்மச்சரியம். பலர் காலில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், தரையில் படுக்கிறார்கள், சவரம் செய்துகொள்வதில்லை. ஐப்பசிக் கடைசி நாள் வரை "என்னால் முடியாது" என்று சொன்ன மனிதர்தான் இவர். ஒரே இரவில் அவருக்கு எங்கிருந்து இவ்வளவு உறுதி வந்தது?

பக்தி இல்லாமல் இது இல்லை. நானும் மாலை போடுகிறவன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பக்தி அவருக்கு ஆடியிலும் ஆவணியிலும் இருந்தது. கார்த்திகையில் மட்டும் கூடுதலாக என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில், விதி தெளிவாக இருக்கிறது. "கொஞ்சம் குறைச்சுக்கணும்" என்ற பேச்சே கிடையாது. குறைப்பது என்று முடிவெடுத்தால் ஒவ்வொரு நாளும் மனதோடு பேரம் பேச வேண்டியிருக்கும். கிடையாது என்றால் பேரம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரியது, ஊருக்கே தெரிவது. கழுத்தில் மாலை, இடுப்பில் கருப்பு வேட்டி. டீக்கடைக்காரர் "சாமி, சர்க்கரை கம்மியா?" என்று கேட்கிறார், ஆபீஸில் மேலதிகாரி "சாமி" என்கிறார், வீட்டில் சொந்தத் தம்பியும் "சாமி" என்கிறான். அந்த வேஷ்டியோடு டாஸ்மாக் வாசலில் போய் நிற்க முடியாது. நம் ஊர் ஆண்களுக்கு நாக்கை அடக்குவதைவிடக் கஷ்டமானது நண்பன் "வாடா மாப்ளே" என்று கூப்பிடும்போது மறுப்பதுதான். மாலை போட்டவருக்கு அந்தக் கஷ்டமே வருவதில்லை. "சாமிய விடுங்கடா" என்று நண்பர்களே ஒதுங்கிப்போகிறார்கள். அவருக்காக ஊரே மறுத்துக்கொடுக்கிறது.

அப்புறம் அந்தச் சாயங்கால நேரம். வேலை முடிந்து ஏழு மணிக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் நேரம்தான் எல்லாப் பழக்கமும் வந்து கையைப் பிடிக்கிற நேரம். விரத காலத்தில் அதே நேரத்தில் குளியல் இருக்கிறது, பூஜை இருக்கிறது, பக்கத்துத் தெருவில் பஜனை இருக்கிறது. வரவில்லை என்றால் "ஏன் சாமி வரல?" என்று கேட்கக் குருசாமி இருக்கிறார். வெறுமனே ஒன்றை நிறுத்தச் சொல்லாமல், அந்த நேரத்தில் வேறொன்றை வைத்துவிடுகிறார்கள்.

மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்து "எல்லாம் வேஷம்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த 41 நாள் பொய்யல்ல. தாங்கிப் பிடித்த விதி, உடை, ஆட்கள், நேரம் எல்லாம் ஒரே நாளில் எடுக்கப்பட்டுவிட்டன, அவ்வளவுதான். இதையே தலைகீழாகக் காட்டுகிற நிகழ்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. வியட்நாம் போரில் இருந்த வீரர்களில் கணிசமானோர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவில்தான். காரணங்கள் பல சொல்கிறார்கள். இடமும் ஆட்களும் மாறியது அதில் பெரியது.

இன்னொரு ஆய்வும் உங்களுக்குப் பயன்படும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரிடம் தினமும் ஒரு சின்னச் செயலைச் செய்யச் சொல்லி, அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தது. 2009ல் வெளியான முடிவு: சராசரியாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. திங்கள் ஆரம்பித்து வியாழன் தவறினால் வெள்ளிக்கிழமை தொடரலாம், அடுத்த திங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் குருசாமி மாலை கழற்றும்போது ஒவ்வொருவரிடமும், எல்லார் முன்னிலையிலும், "இதுல எதைத் தொடரப் போறீங்க?" என்று கேட்பார். ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும், இரண்டு சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் குழுவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் சிகரெட் என்றார். அதற்காக அவர் முதலில் செய்த காரியம், ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சில்லறையில் சிகரெட் விற்கும் டீக்கடையை விட்டுவிட்டு, நாலு கடை தள்ளி டீ குடிக்கப் போனதுதான். விட்டுவிட்டார். நீங்களும் நாலு காரியத்தை ஒன்றாக எடுக்காதீர்கள். எழுவதை மட்டும் எடுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். ஐந்தரைக்கு மைதானத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிற ஒரு ஆளைப் பிடியுங்கள். இத்தனாம் தேதி வரை என்று ஒரு முடிவு நாளும் வையுங்கள், அது வந்தபின் அடுத்ததை யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். முதல் சில நாட்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். இது உறுதி சம்பந்தப்பட்டது இல்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. அப்படிப்பட்டவர் மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆணாக என்று கேட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமி விரதம் இருக்கிறார் என்றால் பல வீடுகளில் நாலு மணிக்கு எழுந்து சமைப்பதும் பாத்திரம் விளக்குவதும் வேட்டி துவைப்பதும் அம்மாவோ மனைவியோதான். அவருடைய ஒழுக்கத்தின் பாதி அவர்கள் உழைப்பில் நிற்கிறது. தன் துணியைத் தானே துவைத்து, தன் தட்டைத் தானே கழுவுகிற சாமிகளும் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் எனக்கு மரியாதை அதிகம்.

அடுத்தது அழுத்தம். ஆண் என்றால் எதையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்வதுதான் பலம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். கடனையும் குடும்பச் சண்டையையும் வேலைப் பிரச்சினையையும் யாரிடமும் சொல்லாமல் தாங்கியவர்கள் அதில் எத்தனையோ பேர் இருப்பார்கள். மலைப் பாதையில் நான் பெரிதும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. கரிமலை ஏற்றத்தில் மீசை வைத்த ஆள் சரணம் சொல்லிக்கொண்டே தேம்பி அழுவார். யாரும் கேலி செய்ய மாட்டார்கள், தோளில் கை வைத்து "ஏறு சாமி" என்பார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அப்படி ஒரு ஆள் வேண்டும். வாரம் ஒருமுறையாவது உள்ளதை உள்ளபடி சொல்ல நண்பனோ அண்ணனோ அப்பாவோ, யாரோ ஒருவர். தூக்கம் போய், வேலையில் மனம் போகாமல், வாழ வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் ஒழுக்கத்தைப் பற்றிய யோசனையை ஓரமாக வைத்துவிட்டு உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.