ராட்சதப் பூசணியை நாட்டுப் பரங்கியோடு கலந்தால் விதை முளைக்குமா? காயும் அந்த வருஷமே பெருக்குமா?

முளைக்கும், ஆனால் கொஞ்சம்தான். காரைக்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் செய்து பார்த்து அப்பத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

மச்சான் கனடாவிலிருந்து அட்லாண்டிக் ஜெயன்ட் விதை நாலு கொண்டுவந்தார். நோவா ஸ்கோஷியா விவசாயி ஹோவர்ட் டில் பல வருஷம் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய ரகம். 2023-இல் கலிஃபோர்னியாவில் 1,247 கிலோ நின்ற காயும் இந்த வம்சம்தான். எங்கள் செம்மண்ணிலும் வெயிலிலும் 19 கிலோவோடு நின்றுவிட்டது.

ராட்சதக் கொடியில் மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டை, அதாவது அடியில் குட்டிப் பிஞ்சு உள்ளதை, சாயங்காலமே நூலால் கட்டினேன். விடிந்ததும் நாட்டுப் பரங்கியின் ஆண் பூவில் இதழைக் கிழித்துவிட்டு, அதன் மகரந்தப் பொடியைப் பெண் பூவுக்குள் தடவி மறுபடி கட்டினேன். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும்.

காய் பிடித்தது. புளிக்கறிக்கு அறுத்த அப்பத்தா, "என்னடா இது, யானை கணக்கா காயி, வெதையப் பாத்தா பூராம் பொக்கு!" என்றார். நசுக்கினால் வெறும் தோல். தேறியது பதினொன்று, முளைத்தது ஆறு.

ராட்சதம் குக்குர்பிட்டா மேக்சிமா, எங்கள் பரங்கி குக்குர்பிட்டா மாஸ்கேட்டா. பங்காளிகள்தான், ஆனால் இனம் வேறு. அதனால் பல விதைகளில் கரு பாதியிலேயே நின்றுவிடும். ரகத்துக்கு ரகம் இது கூடும், குறையும். ராட்சதத்தோடு ராட்சதத்தைச் சேர்த்தால் இந்தத் தொல்லை கிடையாது. திருஷ்டிக்கு உடைக்கிற வெள்ளைப் பூசணியோ வேறு சாதி, சேரவே சேராது.

உண்மையான வேடிக்கை அடுத்த தலைமுறையில். ஆறு கொடியும் காடாய்ப் படர்ந்தன, ஆண் பூவுக்கும் குறைவில்லை. விரலில் தேய்த்தால் பொடியே ஒட்டவில்லை! ஜப்பானின் டெட்சுகபுட்டோ என்கிற பூசணி ரகமும் இதே கலப்புதான். பக்கத்தில் வேறு பூசணி நட்டால்தான் காய்க்கும். நானும் நாட்டுப் பூவைத் தடவித்தான் காய் எடுத்தேன். இப்படிப்பட்ட கலப்புக் கொடிகளை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் தர்பூசணியை ஒட்டுக்கட்டுவார்கள், வேர் அவ்வளவு முரடு.

அப்புறம், காய் அந்த வருஷமே பெருக்காது. சதை தாய்க்கொடியுடையது, தகப்பன் தெரிவது விதையில்தான். அந்த 19 கிலோவும் அசல் ராட்சதச் சதை. புளிக்கறியில் தண்ணீர் விட்டுக்கொண்டு சப்பென்று இருந்தது, அதற்குத் தனியாக ஒரு திட்டு.