டிஸ்க் நம்முடையது, ஃபைல் யாருடையது?

கே: பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டுப் புது லேப்டாப்பில் செருகினேன். போட்டோ ஃபோல்டரைத் தொட்டால் 'அக்சஸ் டினைடு'. கடையில் 'டேட்டா ரெகவரி' என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். நியாயமா? (சேலம் வாசகி)

ப: அநியாயம், அம்மா. தொலையாத பொருளைத் தேடிக் கொடுத்ததாகக் கூலி வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸ் ஒரு நீண்ட அடையாள எண்ணைத்தான் ஓனராகக் குறித்துவைக்கும். புது லேப்டாப்பில் அதே பெயரில் கணக்கு தொடங்கினாலும் எண் வேறு. அதனால்தான் உங்களையே அந்நியராக நினைத்துத் தடுக்கிறது. ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே 'ஓனர்' பக்கத்தில் 'சேஞ்ச்' இருக்கும். உங்கள் கணக்கைக் கொடுத்து, உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து டிக் அடியுங்கள். ஃபைல் நிறைய இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இதற்குப் போய் 'ரெகவரி' என்று பில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டிஸ்க்கே செத்துப்போனால் செய்கிற வேலைக்கல்லவா அந்தப் பெயர்! பில்லைப் பத்திரமாக வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கே: சினாலஜி பெட்டியில் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) இருந்த டிஸ்க்கை உபுண்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். எல்லா ஃபைலுக்கும் ஓனர் '1026' என்கிறது. யார் அது? (கோவை)

ப: நீங்கள்தான். அந்தப் பெட்டி முதல் பயனருக்கு 1026 கொடுக்கும், உபுண்டு 1000 கொடுக்கும். டிஸ்க் இனி உபுண்டுவிலேயே இருக்குமென்றால் ஓனரை மாற்றிவிடுங்கள். திரும்பப் பெட்டிக்குப் போகுமென்றால் கை வைக்காதீர்கள். சூடோ (அட்மின் அதிகாரம் தரும் கட்டளை) போட்டு நகல் மட்டும் எடுங்கள்.

கே: லினக்ஸில் பர்மிஷன் தகராறு. எரிச்சலில் முழு டிரைவுக்கும் 777 போட்டுவிட்டேன். பரவாயில்லையா? (திருச்சி)

ப: சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றிவிட்டீர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஓனர், குழு, ஊரார் மூவருக்கும் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தால் 777. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும். சிஸ்டம் டிரைவில் போட்டிருந்தால் சூடோவே படுத்துவிடும். எனக்குப் படுத்தது.

கே: பென்டிரைவில் பர்மிஷன் மாறவே மாட்டேன் என்கிறது. போலியா? (மதுரை)

ப: பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது என்றால் ஓனர் பெயர் எழுத அதில் இடமே கிடையாது. கடைக்காரரைத் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள்.

கே: செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஸ்க் 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்கிறது. ஓனரை மாற்றினால் திறக்குமா? (தஞ்சை)

ப: திறக்காது. பிட்லாக்கர் டிஸ்க்கில் இருப்பதையே குறியாக்கிப் பூட்டிவிடும். சாவி விற்றவரிடம் இருக்கும். ஃபார்மேட் செய்து காலி டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். கடையிலேயே செருகிப் பார்க்க 2 நிமிடம் இல்லையா உங்களுக்கு? நானும் 7,000 ரூபாய்க்குப் பழைய ஸ்டோரேஜ் பெட்டி வாங்கியவன்தான். பாஸ்வேர்டு தெரியாது, பின்னாலிருக்கிற துளையில் குண்டூசியை விட்டால் ரீசெட் ஆகிவிடும் என்றார் விற்றவர். ஆனது. அதற்கு அப்டேட் நின்று வருடக்கணக்காகிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது பழைய பேப்பர் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.