ஓம் போட்டால் வாட் வருகிறதே! குறியீட்டு ஃபான்ட் கேள்வி பதில்

வேலூரில் இருபது வருஷமாக டிடிபி வேலை செய்கிறேன். வழக்கமான எழுத்தில் இல்லாத குறிகள் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காட்பாடி மாணவர்): அண்ணா, ரிப்போர்ட்டில் மின்தடையின் அளவை 10 ஓம் என்று குறி (Ω) போட்டிருந்தேன். பிரிண்ட் எடுத்தால் ஆங்கில டபிள்யூ வந்திருக்கிறது. ஃபைல் கெட்டுப்போச்சா?

பதில்: ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் 'சிம்பல்' என்ற ஃபான்ட்டில் அடித்திருக்கிறீர்கள். அதில் டபிள்யூ விசையைத் தட்டினால் திரையில் ஓம் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது டபிள்யூதான். உள்ளே ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு திரையில் தமிழ் காட்டும் நம்ம பழைய பாமினி ஃபான்ட் கதையேதான். கடைக்காரர் மொத்தத்தையும் செலக்ட் செய்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றியிருப்பார், வேஷம் கலைந்துவிட்டது. சும்மா ஒரு கட்டம் வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். டபிள்யூ என்றால் வாட், அதுவும் ஒரு அலகுதான், யாருக்கும் சந்தேகம் வராது.

இதைவிடப் பயங்கரம் மருத்துவ ஆய்வேடுகளில். அதே ஃபான்ட்டில் எம் விசைக்கு மியூ (μ), அதாவது மைக்ரோவின் குறி. ஃபான்ட் மாறினால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும், அதாவது ஆயிரம் மடங்கு. ஒருமுறை என் கையாலேயே இது நடந்தது. புரூஃப் பார்த்த டாக்டரம்மா பிடித்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து, ஒவ்வொரு குறிக்கும் ஃபான்ட் மாறினாலும் மாறாத தனி எண் தரும் யூனிகோடு முறையில்தான் எதையும் அடிக்கிறேன். ஓமுக்கென்று யூனிகோடில் தனிக் குறி ஒன்று உண்டு. ஆனாலும் கிரேக்கப் பெரிய ஒமேகாவையே போடச் சொல்கிறது யூனிகோடு.

கேள்வி (ராணிப்பேட்டை, டிராயிங் ஆபீஸ்): சார், விட்டக் குறி, துளையின் வடிவத்தைக் காட்டும் கவுண்டர்போர், கவுண்டர்சிங்க் குறிகள் எல்லாம் எந்த ஃபான்ட்டில் கிடைக்கும்?

பதில்: முதலில் குறியின் யூனிகோடு எண்ணைப் பிடியுங்கள், ஃபான்ட் அப்புறம். வேர்டில் 2300 என்று அடித்து ஆல்ட்டோடு எக்ஸ் தட்டினால் ⌀ வந்துவிடும். கவுண்டர்போர் 2334, கவுண்டர்சிங்க் 2335, பொசிஷன் குறி 2316. பலர் விட்டத்துக்கு, குறுக்குக் கோடு போட்ட நார்வே நாட்டு ஓ எழுத்தைப் போடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடும்போது கிடைக்காது. ஃபான்ட்டுக்கு விண்டோஸிலேயே சேகோ யூஐ சிம்பல் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபான்ட்டில் குறி இல்லாவிட்டால் வேர்ட் சத்தமில்லாமல் வேறொன்றிலிருந்து கடன் வாங்கும். அதனால் பிடிஎஃப் ஆக்கியதும் ப்ராப்பர்டீஸில் ஃபான்ட் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' (ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி): கமாண்ட் எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளில் ஆய்வேடு அடிக்கிறேன். ஒரு குறியின் உருவம் தெரிகிறது, கமாண்ட் தெரியவில்லை.

பதில்: டீடெக்ஸிஃபை என்ற இணையதளத்தில் மவுஸால் வரைந்து காட்டுங்கள், கமாண்டை அதுவே சொல்லும். கணிதக் குறிகளுக்கு ஸ்டிக்ஸ் ஃபான்ட் போதும், இலவசம்தான்.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி): ஏற்றுமதி லேபிளில் அப்பர், லைனிங், சோல் படங்களும் தோல் படமும் வேண்டும். எந்த ஃபான்ட், அண்ணா?

பதில்: ஃபான்ட் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவை ஐரோப்பாவின் 1994-ஆம் வருஷக் காலணி லேபிள் உத்தரவில் வரும் படங்கள், யூனிகோடில் கிடையாது. ஒருமுறை வெக்டாராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத படமாக) வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தோலுக்கும் பூச்சு கொடுத்த தோலுக்கும் படம் வேறு, பூச்சுத் தோலில் உள்ளே ஒரு டைமண்ட் இருக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றாக ஒட்டிவிடாதீர்கள்.

கேள்வி (ஆற்காடு): ஐயா, தாத்தா காலத்துப் பத்திரத்தைத் தட்டச்சு செய்கிறேன். மா, காணி, முந்திரி எல்லாம் குறியாகவே இருக்கின்றன.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! மா என்றால் 20-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. இந்தப் பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடுக்குள் வந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச ஃபான்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நாள் ௳, மாதம் ௴, வருஷம் ௵ ஆகியவை முன்பே சேர்ந்தவை, விண்டோஸின் நிர்மலா ஃபான்ட்டிலேயே இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண்ணாலும் எழுதிவிடுங்கள். வக்கீலுக்கு வேர்ட் ஃபைலாக அனுப்ப வேண்டாம், அவர் கணினியில் காணி வெறும் கட்டமாகிவிடும். பிடிஎஃப் அனுப்புங்கள்.