சீல் உடைக்காத கப்பல்

அன்புள்ள அண்ணனுக்கு,

லெகோ என்ற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த இரண்டு பத்திகளை வாசித்தேன். அதனால்தான் இதைக் கேட்கத் தைரியம் வந்தது. எனக்கு வயது 41. தக்கலையில் கடை வைத்திருக்கிறேன். 2022 கடைசியில் துபாயிலிருந்து வந்த மச்சான் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் என்ற விண்கப்பல் செட்டைக் கொண்டுவந்து தந்தான். எண் 10497. 1979-இல் வந்த பழைய கப்பலின் மறுபதிப்பு. அன்றிலிருந்து அது அலமாரிக்கு மேலே சீல் உடைக்காமல் இருக்கிறது. இப்போது அந்த செட் ரிட்டையர் ஆகிவிட்டது, அதாவது கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. சேகரிப்பவர்கள் சொல்வதை வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. இதுபோல ஒன்று இனி வராது என்கிறார் ஒருவர். 1979-இல் வந்ததுதான் கப்பல், இது அதன் நிழல் என்கிறார் இன்னொருவர். திறந்தால் பாதி விலை போச்சு என்று ஒரு கூட்டம். திறக்காதவன் சேகரிப்பாளனே இல்லை, வியாபாரி என்று இன்னொரு கூட்டம். நான் சின்ன வயதில் அந்தப் பழைய கப்பலைப் பார்த்ததே இல்லை அண்ணே. இல்லாத ஞாபகத்துக்கு ஏங்குகிறேனோ என்றும் தோன்றுகிறது. திறக்கலாமா, வேண்டாமா?

என் பெயரைப் போட வேண்டாம். விலை எவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒரு வாசகன், தக்கலை

*

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. ஆனால் தக்கலையில் அலமாரிக்கு மேலே இவ்வளவு பெரிய பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று வீட்டில் கணக்குப் போட்டால் நான் பொறுப்பில்லை.

ஞாபகத்திலிருந்தே தொடங்குகிறேன். 1981-இல் என் மாமா பஹ்ரைனிலிருந்து லீவுக்கு வந்தார். பெட்டியில் கோடாலித் தைலம், நிடோ டின், அம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் சேலை. அடியில் எனக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஒரே ஒரு ஆள் உட்காருகிற விண்வண்டியும், சிவப்பு உடை போட்ட ஒரு வீரனும். கூடவே ஒரு மடிப்புத் தாள். அதில்தான் அந்தப் பெரிய கப்பலைப் பார்த்தேன். நீல இறக்கை, சாம்பல் உடம்பு, மஞ்சள் கண்ணாடி. மாமா திரும்பிப் போகும்போது அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்றார். அடுத்த தடவை ஒரு டேப்ரெக்கார்டர் வந்தது. ஆக, நானும் அந்தக் கப்பலோடு விளையாடியவன் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு படம். அந்தத் தாளையும் ஒரு மழைக்காலத்தில் கறையான் தின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வாசித்துக் குழம்பிய கருத்துகளில் பாதிக்குமேல் இந்தப் பெட்டியைப் பற்றியவையே அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1979 கிறிஸ்துமஸ் காலையில் பெட்டி பிரித்த பையன்களின் கருத்துகள் அவை. அவர்கள் புதிய கப்பலைப் பார்க்கவில்லை, அந்தக் காலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்தப் பிளாஸ்டிக் அதில் ஜெயிக்கும்? நமக்கு அந்தக் காலை இல்லை. அதைக் குறையாக நினைக்காதீர்கள். செய்யப்பட்ட பொருளைச் செய்யப்பட்ட பொருளாகவே பார்க்கிற வசதி நமக்குத்தான் உண்டு.

சரி, பொருளைப் பார்ப்போம். பழையது 338 துண்டுகள். அமெரிக்காவில் 497 என்ற எண், ஐரோப்பாவில் 928. வடிவமைத்தவர் யென்ஸ் நைகார்ட் க்னுட்சன். 1978-இல் வந்த, கை கால் அசைகிற லெகோவின் சின்ன மனிதப் பொம்மையையும் உருவாக்கியவர் அவர்தான். 2020-இல் இறந்தார். புதியது லெகோவின் 90-ஆம் ஆண்டுக்காக 2022-இல் வந்தது. 1254 துண்டுகள், அமெரிக்காவில் 99.99 டாலர். துண்டுக்கு எட்டு சென்ட்கூட வரவில்லை. விலையில் தாராளம் என்பதில் எந்தக் கோஷ்டிக்கும் சண்டை கிடையாது. நம் ஊருக்குத்தான் அந்தக் கணக்கு செல்லாது. பொம்மைக்கான இறக்குமதி வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. துபாயில் மச்சான் இருப்பவனுக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு.

புதியதை வடிவமைத்த மைக் சாக்கி அதை ஒன்றரை மடங்காகப் பெரிதாக்கினார். பழையது ஒரு சிறுவன் கையில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ, அவ்வளவு பெரிதாக இது ஒரு பெரியவர் கையில் தெரியவேண்டும் என்பது கணக்கு. இதை முதலில் கேட்டபோது சமாளிப்பு என்று நினைத்தேன். கையில் எடுத்தபிறகு அப்படி நினைக்கவில்லை. மூன்று திசையிலும் ஒன்றரை மடங்கு என்றால் கன அளவு மூன்றே காலே அரைக்கால் மடங்கு. 338-ஐப் பெருக்கிப் பாருங்கள், 1141 பக்கம் வரும். துண்டுகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு அது பிடித்திருக்கிறது.

குறை சொல்பவர்களில் நியாயமான குறை சொல்பவர்களும் உண்டு. பழைய செட்டில் நிலவுத்தரை போலக் குழி விழுந்த தட்டும் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டு நிலையமும் இருந்தன. புதியதில் அவை இல்லை. கப்பல் உண்டு, வீரர்கள் நாலு பேர் உண்டு, ஒரு குட்டி ரோபோ உண்டு, பின்கதவைத் திறந்து இறக்குகிற வண்டி உண்டு. இறங்க இடம்தான் இல்லை. இது எனக்கும் வருத்தம்தான். அலமாரியில் வைத்தால் கப்பல் போக ஊரில்லாமல் நிற்கிறது.

இன்னொரு குறை நிறம். லெகோ 2004-இல் தன் சாம்பல் நிறத்தை மாற்றியது. பழைய சாம்பலில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும், புதியதில் நீலம் கலந்திருக்கும். புதிய கப்பல் இந்த நீலச் சாம்பலில்தான் வந்தது. இதற்காக இவ்வளவு சண்டையா என்று நானும் சிரித்திருக்கிறேன். அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் முன்பு ஆசை பொறுக்காமல் பழைய 928 ஒன்றை ஒருவரிடமிருந்து தபாலில் வாங்கினேன். எல்லாத் துண்டும் அசல் என்று சொன்னார். சாயங்காலம் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினேன். நாலரை மணி வெயில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தால் இரண்டு சாம்பல். பதினேழு துண்டுகள் குளிர்ந்த சாம்பலாகத் தனியாகத் தெரிந்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரிந்திருக்காது. தலைக்கவசம் நான்கில் மூன்றுக்குத் தாடைப்பட்டை உடைந்திருந்தது. அது விற்றவர் குற்றமல்ல. அந்தக் காலத்துக் கவசத்தின் தாடைப்பட்டை மெல்லியது, தலையில் மாட்டி மாட்டி எடுத்தால் அங்கேதான் வெடிக்கும். புதியதில் பட்டையைத் தடிப்பாக்கிவிட்டார்கள். இதையும் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அழகு போய்விட்டதாம்!

ஆகவே 1979-தான் உண்மையானது என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். வீரனின் நெஞ்சில் இருக்கும் தங்கச்சின்னம் தேயாமல் இருக்கிறதா? தேயாமல் இருந்தால் அதோடு யாரும் விளையாடவில்லை என்று அர்த்தம். தேய்ந்திருந்தால் விலை குறைவு. பிள்ளைகள் ஆசையாகத் தொட்ட பொம்மைக்கு மதிப்புக் குறைவு என்று சொல்கிற சந்தை அது.

முதலீடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும். மாஸ்கோவின் ஹயர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செட்களின் விலையைப் பார்த்து, ரிட்டையர் ஆனவை சராசரியாக வருடம் 11 சதவீதம் ஏறியதாகச் சொன்னார்கள். எல்லோரும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் பாதி விலையை இழந்த செட்களும் உண்டு, அதை யாரும் காட்டுவதில்லை. 2007-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளோடு வந்த மில்லேனியம் ஃபால்கன் என்ற ஸ்டார் வார்ஸ் படக் கப்பல் ரிட்டையர் ஆனபின் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. 2017-இல் 7541 துண்டுகளோடு புதியதை இறக்கினார்கள். பழையதை மச்சில் அடுக்கி வைத்திருந்தவர்கள் முகத்தை யோசித்துப் பாருங்கள். உங்கள் 10497-ம் அப்படி ஒரு மறுபதிப்புதானே? ஒரு தடவை மறுபதிப்புப் போட்டவன் இன்னொரு தடவை போடமாட்டான் என்று யார் எழுதிக் கொடுத்தது?

அதோடு அந்தக் கணக்கெல்லாம் ஈரமில்லாத நாட்டுக் கணக்கு. நமக்கு ஆனியாடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. சீல் உடைக்காத செட்டின் விலை அட்டையில் இருக்கிறது, பிளாஸ்டிக்கில் இல்லை. குளச்சலில் ஒரு நண்பர் பதினொரு பெட்டிகளை மச்சில் வைத்திருந்தார். கடற்காற்றில் அட்டை தொளதொளத்து, மூலைகள் நசுங்கி, இரண்டு பெட்டியின் சீல் தானாகவே விட்டுப்போனது. யாரும் திறக்காமலே திறந்த பெட்டியாகிவிட்டது. உள்ளே இருந்த கட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, அது ஏபிஎஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். வெயில்தான் அதற்கு எதிரி, வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். மேற்கு ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த ஒரு கருத்தைச் சொல்கிறேன். இதைச் சொன்னவர் சேகரிப்பாளர் அல்ல. எங்கள் தெருவில் மகேந்திரகிரி இஸ்ரோவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஆரல்வாய்மொழி தாண்டி அந்த மலையடிவாரத்தில் திரவ எரிபொருள் என்ஜின்களைச் சோதிக்கிற இடத்தில் முப்பது வருடம். இங்கே விண்வெளி என்பது காலை பஸ் பிடித்துப் போகிற வேலை, அதை நாம் மறந்துவிடுகிறோம். 2025-இல் இஸ்ரோ தலைவரான நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், முன்பு தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளை. என்னிடமுள்ள புதிய கப்பலைக் கட்டி முடித்த அன்று அண்ணாச்சி பேப்பர் வாங்க வந்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குடே இவ்வளவு பெரிய றெக்க? அங்கதான் காத்தே கெடையாதே."

எனக்குப் பதில் இல்லை. அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் அழகே அந்த இறக்கைதான். எரிபொருள் தொட்டி எங்கே என்று கேட்டார், அதற்கும் பதில் இல்லை. அப்புறம் அடியில் விரலை விட்டு, இறங்கும் கால்களைப் பார்த்தார். மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார். பின்கதவைத் திறந்து குட்டி வண்டியை வெளியே எடுத்து, உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். காப்பி ஆறிப்போனது. போகும்போது, "கேஸ்கட் மட்டும் இல்ல, மத்தபடி கொள்ளாம்" என்றார். நான் வாசித்த அத்தனை விமர்சனங்களிலும் இதற்கு மேலே ஒன்றை வைக்கமாட்டேன்.

இந்த செட்டில் ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அச்சிட்ட துண்டுகள். பலரும் இதை ஒட்டி வீணாக்க வேண்டியதில்லை என்ற அளவில் புகழ்கிறார்கள். எனக்கு இதில் வேறொரு சந்தோஷம். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டு ஒரே இடத்துக்கானது. அச்சிட்ட துண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி வேறெங்கும் பொருத்தலாம். இதே கட்டைகளை வைத்து 1979-இன் மற்ற இரண்டு கப்பல்களையும், 918, 924 என்ற எண்ணுள்ளவற்றை, அதே ஒன்றரை மடங்கில் கட்டலாம். அந்த இரண்டையும் கட்டியபிறகுதான் எனக்கு மூன்றின் குடும்பச் சாயலும் பிடிபட்டது. பெரியதைப் பிரிக்க மனம் வராமல் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிரிக்க மனம் வராதவனுக்கு நம் கடற்கரையில் ஒரு பாடம் இருந்தது. கட்டுமரம் என்ற பெயரே சொல்கிறது, கட்டிய மரம். வள்ளங்களும் பைபர் படகுகளும் வருமுன் முட்டத்திலும் குளச்சலிலும் கரையேறியதும் கட்டை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். அடுத்த நாள் மறுபடி கட்டி இறக்குவார்கள். அவிழ்க்காமல் விட்டால் மரம் நீரில் ஊறிக் கனத்துப்போகும். அவிழ்ப்பதும் தொழிலில் சேர்த்தி.

ஆகவே திறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாயை விரித்து உட்காருங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டு. சின்னத் துண்டுகள் பறந்து கட்டிலுக்கடியில் போனால் கிடைப்பது கஷ்டம். பைகளை எண் வரிசைப்படி பிரியுங்கள். எல்லாப் பையையும் ஒன்றாகக் கொட்டும் ஆசையை நானே அனுபவித்துக் கெட்டவன். அட்டைப்பெட்டியை எறிய வேண்டாம், தட்டையாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். விலையை வீட்டில் சொல்வதற்கு, கப்பலின் மூக்கு கட்டி முடித்தபிறகு உள்ள நேரம் நல்ல நேரம். அதற்கு முன்னால் சொன்னால் வெறும் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

முடிக்கும்போது சில துண்டுகள் மிஞ்சும். பதறாதீர்கள், பொடித்துண்டுகளில் ஒன்றிரண்டு கூடுதலாகவே போடுவார்கள். அதில் கண்ணாடி போன்ற வட்டத்துண்டு ஏதாவது இருந்தால், எந்த நிறமானாலும் சரி, ஒரு கவரில் போட்டு அனுப்புங்கள். மாமா கொண்டுவந்த வண்டிக்கு முன்விளக்கு இல்லாமல் நாற்பது வருடமாகிறது.

அன்புடன்