உப்பும் வெல்லமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அலுவலகத்தில் மதிய உணவின்போது பேச்சுவாக்கில் ஒரு கேள்வி எழுந்தது. உலகத்தை மேம்படுத்துவதற்கு ஒரே ஒரு வரம் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பது? போர்கள் ஒழிய வேண்டும் என்றார் ஒருவர். ஊழல் ஒழிய வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லா மனிதர் மனத்திலும் அன்பு பெருக வேண்டும் என்று நான் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செய்திகளின் கொடுமை தாங்காமல் நாளிதழ் படிப்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. நம்மைப் போன்ற சாதாரணர்களால் விரும்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? நீங்களாக இருந்தால் எந்த வரத்தைக் கேட்பீர்கள்? இலக்கியத்தால் உலகம் மேம்படும் என்று இன்னும் நம்புகிறீர்களா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கேட்டேன். கடைப் பையன் ஆரஞ்சு நிறப் பானம் அடைத்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். அந்தக் கரைசலின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் அதில் கட்டைவிரல் பருமனுக்கு இருந்தன. வயிற்றுப்போக்குக்கு இது ஏற்றதல்ல என்ற வரி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவில் இருந்தது. இப்படிப்பட்ட பானங்களில் அந்த எழுத்துகளை அச்சிடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டுவிட்டது. கடையில் பழைய சரக்கு மிச்சம் இருந்தது போலும். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் மேலும் நீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும். பையனிடம் அதைச் சொன்னேன். "எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க சார்" என்றான். ஐந்து நிமிடம் தேடி, அடித்தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தந்தான். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது எதுவோ, அதைத்தான் உங்கள் கடிதம் கேட்டிருந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

இலக்கியம் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். அதை ஆண்டுக்கு நாற்பது பேர் கேட்கிறார்கள், நாற்பது பேருக்கும் நான் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறேன். நாளிதழைப் பொறுத்தவரை, நீங்கள் படிக்காமல் விட்டதால் எந்தச் செய்தியும் நடக்காமல் நின்றுவிடவில்லை, நாளையிலிருந்து படியுங்கள்.

உங்கள் வரத்துக்கு வருகிறேன். நண்பர்கள் சிரித்தது தவறு. ஆனால் அவர்கள் சிரித்ததற்காக உறக்கம் இழந்த நீங்கள், உங்கள் விருப்பம் எவ்வளவு மலிவானது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? எல்லோர் மனத்திலும் அன்பு பெருக வேண்டும் என்பவன் அதற்காகக் காலையில் எழுந்து எங்கும் போக வேண்டியதில்லை. போன மாதம் சொன்னது நடந்ததா என்று அவனிடம் யாரும் வந்து கேட்கப்போவதும் இல்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்த வேண்டாம். உங்கள் வயதில் நானும் இதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் அலங்காரமான சொற்களில். ஆனால் அன்பு குறைவில்லாமல் இருந்த ஒரு வீட்டில், ஒரு குழந்தை தாகத்தால் செத்ததை என் ஒன்பதாவது வயதில் நான் பார்த்திருக்கிறேன்.

1974. என் தங்கைக்கு ஒன்றரை வயது. வாந்திபேதி. எங்கள் ஊரில் அதற்கு ஒரே வைத்தியம்தான், தண்ணீர் காட்டக் கூடாது. "தண்ணி குடுத்தா இன்னும்ல போகும்" என்பாள் அப்பத்தா. அந்த வாதத்தில் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டைப் பானையில் ஊற்ற ஊற்ற ஒழுகத்தானே செய்யும். பக்கத்து ஊர்க் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, அவரும் குழந்தையை வெறும் வயிற்றோடு வைத்திருக்கச் சொன்னார். இரண்டாம் நாள் பிற்பகலில் தங்கையின் உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மடிப்பாகவே நின்றது. அவள் அழுதாள், கண்ணீர் வரவில்லை. அப்பத்தா மாரியம்மன் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா முந்தானை நுனியைப் பானையில் நனைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, குழந்தையின் உதட்டில் இரண்டு சொட்டுப் பிழிந்தாள். தங்கை அந்தத் துணியைச் சப்பினாள். இரவு போய்விட்டாள்.

அப்பத்தா அவளை நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் நான் அடிக்கப் போய்விடுவேன். தன் கழுத்துக் காசுமாலையை நேர்ந்துகொண்டவள் அவள். அம்மா நின்ற இடத்திலிருந்து நான்கடி தள்ளி உப்புச் சாடி இருந்தது. அதற்கு மேலே உறியில் கருப்பட்டி இருந்தது. பானையில் தண்ணீர் இருந்தது. காய்ச்ச அடுப்பும் இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றத் தேவையான அத்தனையும் அந்த அடுக்களையிலேயே இருந்தது, ஒன்றோடொன்று சேராமல்.

அவற்றைச் சேர்க்க வேண்டும் என்ற அறிவு அப்போதே உலகில் இருந்தது என்பதை நான் மிகப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பேதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், சர்க்கரையும் உப்பும் கைகோத்துக் குடல் சுவரைக் கடந்து உள்ளே போகும் வழி மட்டும் அடைபடுவதில்லை. அவை போனால் நீரும் பின்னாலேயே போகும். அதாவது அப்பத்தாவின் ஓட்டைப் பானைக்கு இன்னொரு வாசல் இருந்தது. இப்படிக் கைகோத்துப் போவதை 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1968இல் டாக்கா காலரா ஆய்வகத்தில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும், வாய்வழிக் கரைசல் நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைக்கும் என்று நோயாளிகளிடமே காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. அங்கே அனுப்பப்பட்ட கல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், மருத்துவமனையின் இரண்டு அறைகளில், தரையெங்கும் கிடந்தவர்களின் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று அளந்து, பாலிதீன் பைகளில் கட்டிக் கொண்டுவந்து, குழாய் வைத்த பீப்பாய்களில் கலக்கி வைத்தார்கள். செவிலியர் போதாததால் நோயாளிகளின் உறவினர்களே அதைக் குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். சாவு நூற்றுக்கு முப்பது என்ற அளவிலிருந்து நான்குக்கும் கீழே இறங்கியது. 1978இல் லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹலனாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நம் நாட்டில் இது வழக்கமான வரிசைதான்.

1971இல் பன்காவில் தெரிந்திருந்தது 1974இல் எங்கள் ஊருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எழுத வந்தது இந்த மூன்றாண்டு இடைவெளியைப் பற்றித்தான்.

கண்டுபிடித்தவர்களை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பின் வங்கதேசத்தில் நடந்தது. ஃபசலே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980இலிருந்து பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1.2 கோடி வீடுகளுக்கு ஆள் அனுப்பியது. சுவரொட்டி ஒட்டியதோடு நின்றுவிடவில்லை. வானொலியில் சொல்லிவிட்டுப் போய்விடவுமில்லை. பெரும்பாலும் இளம் பெண்களான ஊழியர்கள் ஊர் ஊராக நடந்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் தாயின் முன்னால் உட்கார்ந்தார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர், தண்ணீர். எழுத்தறியாதவரும் மறக்க முடியாத அளவு, ஏனென்றால் அளவுகோல் அவள் கையிலேயே இருக்கிறது. ஊழியர் செய்து காட்டினால் போதாது, தாய் தன் கையால் கலக்கிக் காட்ட வேண்டும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைத் தேர்ந்து, என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு, மறுபடி கலக்கச் சொல்லிப் பார்ப்பார். அந்தக் கரைசல் ஆய்வகத்துக்கும் போகும். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் இந்தச் சோதனை. கற்பித்தவரின் ஊதியம், எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதைக் கொண்டு கணக்கிடப்படவில்லை; அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

எஸ்., இந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். நம் பள்ளிகளில், அரசுத் திட்டங்களில், மேடைப் பேச்சுகளில், எழுத்தாளர்களின் எழுத்தில் இப்படி ஊதியம் நிர்ணயித்தால் எத்தனை பேர் வீட்டில் உலை கொதிக்கும்? என் வீட்டில் கொதிக்காது.

இதோடு முடியவில்லை. தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள், கரைசலையும் சரியாகக் கலக்கினார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது மிகச் சிலரே அதைக் கொடுத்தார்கள். ஏன் என்று தோண்டிப் பார்த்ததில், கற்பித்த ஊழியர்களே அதை முழுதாக நம்பவில்லை என்று தெரிந்தது. தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தயக்கம் அவர்கள் முகத்திலிருந்து தாய்மார்களுக்குத் தொற்றியிருக்கிறது. பிறகு ஊழியர்களுக்கு அந்த மருந்து உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். வீடுகளில் சொல்லிக் கொடுக்கும்போது அந்தக் கரைசலை அவர்களும் ஒரு வாய் குடித்துக் காட்டினார்கள். வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை என்பதும் புலப்பட்டது. சந்தையிலும் மசூதியிலும் அவர்களைக் கூட்டிப் பேசினார்கள். அதன் பிறகுதான் கரைசல் கிண்ணத்திலிருந்து குழந்தையின் வாய்க்குப் போகத் தொடங்கியது. இன்று அதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் வங்கதேசமும் ஒன்று.

இப்போது உங்கள் அன்பைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் உலகுக்குச் சிபாரிசு செய்யும் அந்தக் கரைசலை ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? மதிய உணவு மேசையில் சிரித்தவர்களில் ஒருவரிடமாவது அன்றிலிருந்து பேசினீர்களா? கடிதத்தில் அந்தத் தகவல் இல்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு கடிந்திருக்க மாட்டேன்.

என் வரத்தைக் கேட்டிருந்தீர்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த ஒன்று இன்னும் தெரியாத வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்வதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான். 1980களின் தொடக்கத்தில் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 45 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. நல்ல தண்ணீரும் தடுப்பூசிகளும் இந்தக் கரைசலும் சேர்ந்து அந்தக் கணக்கை இன்று 5 லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. ஆனால் இன்றும் வயிற்றுப்போக்கு வரும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் கரைசல் கிடைப்பதில்லை. பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கியதும் நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. இதை இந்த வாரத்துக்குள், உங்கள் அலுவலகத்தில் துப்புரவு செய்யும் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

1986 என்று நினைவு, நான் கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். கிராமச் செவிலியர் ஒருவர் எங்கள் திண்ணையில் பெண்களை உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரித்து, செம்பில் கலக்கிக் காட்டினார். பொட்டலம் தீர்ந்துபோனால் வீட்டுச் சர்க்கரையும் உப்புமே போதும் என்று அளவையும் சொன்னார். அப்பத்தா தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு செவிலியரிடம், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் பாட்டி, இவ்வளவுதான் என்றார் அவர். அம்மா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். அப்பத்தா அந்தச் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள், நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அம்மாவிடமும் அவள் அதைப் பற்றிப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பின் அவள் உயிரோடு இருந்த ஏழாண்டுகளில், தெருவில் எந்தக் குழந்தைக்குக் கழிச்சல் என்று காதில் விழுந்தாலும் அழைக்காமலே அந்த வீட்டுக்குப் போவாள், தாயைக் கொண்டே கலக்கவைத்து முதல் வாயைத் தான் குடித்துப் பார்ப்பாள், குழந்தை ஒன்றுக்குப் போன பிறகுதான் எழுந்து வருவாள்.