பைபாஸ் முடிந்து ஐந்து வாரம்: அப்பாவை நடக்க விடலாமா?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு, பைபாஸ் ஆகி ஐந்து வாரம். டிஸ்சார்ஜ் தாளில் 'தினமும் நடக்கவும்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அம்மா அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை, பாத்ரூமுக்குக்கூடக் கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்புகிறார். அப்பாவோ ஆர்.கே. புரத்தில் குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்கு எப்போது போகலாம், படி ஏறலாமா என்று நச்சரிக்கிறார். வெளியே நவம்பர் மாதப் புகைக் காற்று. யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. காலும் இதயமும் ஒரு கணக்கு, கையும் நெஞ்செலும்பும் வேறு கணக்கு. முதல் கணக்குக்கு இப்போதே வேலை கொடுக்கணும், இரண்டாவதற்கு இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் பொறுக்கணும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் நடக்க வேண்டியவர் படுத்திருக்கிறார், தூக்கக் கூடாதவர் தண்ணீர் கேனைத் தூக்குகிறார்.

முதலில் அம்மாவுக்கு. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில், நோய் நொடி இல்லாத 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும்போது உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் அந்த மூன்று வாரத்தில் கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்துச் சோதித்தபோது, முப்பது வருஷ வயசு செய்ததை விட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிதாக இருந்தது. இருபது வயதுக்கே அந்தக் கதி என்றால் 64-க்கு என்ன ஆகும் என்று நீங்களே அம்மாவிடம் கேளுங்கள். இன்னொரு பக்கம், மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்கள் என்று 23,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 85 ஆய்வுகளை 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. முறையாக உடற்பயிற்சி செய்தவர்களிடையே இதய நோயால் வரும் மரணமும், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையும் குறைவாக இருந்தன. அதாவது நடப்பது மாத்திரையைப் போலவே சிகிச்சையின் பகுதி, இஷ்டப்பட்டால் செய்கிற காரியம் இல்லை.

சரி, எவ்வளவு? ஐந்தாவது வாரத்தில், சிக்கல் எதுவும் இல்லாதவர் சமதரையில் பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை நடக்கலாம். ஒத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிஷம் கூட்டி, ஒரே நடையாக அரை மணி நேரம் வரை கொண்டுபோகலாம். முதல் ஐந்து நிமிஷமும் கடைசி ஐந்து நிமிஷமும் மெதுவாக. கடைசி ஐந்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி பிரஷர் இறங்கும், தலை சுற்றும். சாப்பிட்டதும் நடக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

வாட்ச்சில் நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிகபட்சத் துடிப்புக்காக 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு இவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் பைபாஸ் ஆனவர்களில் பெரும்பாலோர் மெட்டோபிரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார்கள், அது துடிப்பை ஏறவே விடாது. பேச்சுதான் நல்ல அளவுகோல். நடந்துகொண்டே உங்களோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கணும்.

அதே மாத்திரை சர்க்கரைக்காரர்களுக்கு வேறு ஒரு வம்பும் செய்யும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடலாம், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் நடப்பதற்கு முன் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்குவது சகஜம், உட்காரும்போது தூக்கி வைத்துக்கொண்டால் போதும்.

டெல்லிக் குளிர்காலத்தில் விடியற்காலை வாக்கிங் வேண்டவே வேண்டாம். புகை தரையோடு படிந்திருக்கும் நேரம் அது, போதாக்குறைக்குக் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். வெயில் வந்தபின் காற்று மாசைக் காட்டும் ஏக்யூஐ எண்ணைப் பாருங்கள். 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே, ஹாலிலிருந்து சமையலறை வரை போய்வரட்டும், சலிப்பாகத்தான் இருக்கும், பாட்டுப் போட்டுவிடுங்கள். மால் பக்கத்தில் இருந்தால் கூட்டம் சேர்வதற்கு முன் அங்கே நடக்கலாம்.

இனி கைக் கணக்கு. நடுவில் பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. 20 லிட்டர் கேன், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதுவும் கூடாது. கை பிடித்து இழுத்து எழுப்புவதை அம்மா இன்றோடு நிறுத்தணும், அதுதான் இந்த வீட்டில் நடக்கும் பெரிய தவறு. அப்பா ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தானே எழட்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். அதற்காகத் தோளை அசைக்காமலே வைத்திருந்தால் இறுகிப்போகும், வலி இல்லாத அளவுக்கு மெல்லச் சுழற்றலாம். மெட்ரோவில் இப்போதைக்கு உட்கார இடம் கிடைத்தால் மட்டும் போகட்டும், மேலே தொங்கும் பிடியைப் பிடித்து நின்றால் வண்டி குலுங்கும்போது மொத்த இழுவையும் நெஞ்சில் விழும்.

மலை மந்திர் போகலாம், அவசரம் வேண்டாம். முதலில் வீட்டு மாடிப்படியில் பேசிக்கொண்டே ஒரு மாடி ஏறிப் பழகட்டும், கைப்பிடியைப் பேலன்ஸுக்குத் தொடலாம், பிடித்து இழுத்து ஏறக் கூடாது. அங்கே போனாலும் சாஷ்டாங்க நமஸ்காரம் மூன்று மாதம் கழித்துத்தான், உடம்பின் எடையைக் கையில் தாங்கி எழ வேண்டியிருக்கும் இல்லையா. முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார். சூரிய நமஸ்காரத்துக்கும் அதே காரணம். மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக ஊதும் கபாலபாதி இப்போது வேண்டாம். யோகாவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சியை இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் சோதித்தார்கள். மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் வாழ்க்கைத் தரமும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டன. ஆகவே நடையோடு சேர்த்துச் செய்யலாம், நடைக்குப் பதிலாக வேண்டாம்.

தையல் போட்ட இடத்தில் சுருக்கென்று குத்துவது சாதாரணம். நடக்கும்போது நெஞ்சு அழுத்திப் பிடித்து தாடைக்கோ கைக்கோ வலி பரவினால், மயக்கம் வந்தால், துடிப்பு தாறுமாறாக ஓடினால் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள், அடங்காவிட்டால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பு 'டக் டக்' என்று நகர்ந்தாலோ, காய்ச்சலோ சீழோ இருந்தாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ அன்றைக்கே சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

அடுத்த ரிவ்யூவில் எலும்பு கூடிவிட்டதா, எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் பம்ப் செய்யும் அளவு எவ்வளவு, ஆறு நிமிட நடைச் சோதனை செய்வீர்களா, ஆஸ்பத்திரியில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறதா என்று நான்கையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். எக்கோ அளவு குறைவாக இருந்தால் மேலே சொன்ன நிமிஷக் கணக்கு அப்படியே பொருந்தாது, அவருக்கென்று தனியாக எழுதி வாங்கணும். அந்தப் பயிற்சிக்காக வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது கஷ்டம் என்றால், பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் வீட்டிலேயே செய்யும் முறையைக் கேளுங்கள், அதற்கும் ஏறக்குறைய அதே பலன் உண்டு.