சத்தம் கூடுது, பாட்டு கேட்கல: கார் ஆடியோ கேள்வி பதில்

கார் செட் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் ஹட்டன் தொடங்கி பதுளை வரை இருந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டது எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்றுதான். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். வாகனத்தில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகச் செட் பண்ணிக் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம் என்கிற கட்சி நான்.

ஹட்டன், ஆல்டோ: அண்ணே, செட்டில் 50 வாட் நாலு என்று போட்டிருக்கு. வொலியூம் 25 தாண்டினால் சத்தம் கிழியுது. ஸ்பீக்கர் போயிடுச்சா?

போகவில்லை தம்பி, ஆனால் இப்படியே ஓட்டினால் போய்விடும். அந்த 50 வாட் பெட்டியில் அச்சடிக்கிற கணக்கு. செட்டுக்குள்ளே இருக்கிற சின்ன ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப்ளிஃபயர்) ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து சுத்தமாகத் தருவது 15 முதல் 20 வாட் வரைதான். நீங்கள் அனுப்பிய படத்தில் பேஸ் +6, ட்ரெபிள் +5, லவுட்னஸும் ஆனில் இருக்கிறது. 3 டெசிபெல் கூட்டினால் ஆம்புக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 டெசிபெல் என்றால் நாலு மடங்கு. அதற்கு அந்தச் சின்ன ஆம்ப் எங்கே போகும்?

எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். லவுட்னஸை அணையுங்கள், அது குறைந்த சத்தத்தில் கேட்கும்போது காதுக்குப் பேஸ் குறைவாகத் தெரிகிறதே, அதை ஈடுகட்ட வைத்தது, சத்தமாகக் கேட்கிறவருக்கு உபத்திரவம்தான். பிறகு மெனுவில் ஹெச்.பி.எஃப். என்று இருக்கும், அதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவில் இருக்கிற ஆறரை இஞ்சி ஸ்பீக்கரால் எப்படியும் ஒழுங்காகத் தர முடியாத ஆழமான பேஸை அது வெட்டிவிடும், கோன் தேவையில்லாமல் முன்னும் பின்னும் அடிக்காது. முதல் இரண்டு நாள் சப்பென்று இருக்கும், பழகினால் பாட்டில் வார்த்தை எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

தலவாக்கலை, ஆக்சியோ: ஆம்பும் சப்பும் (ஆழமான பேஸுக்கான சப்வூஃபர்) பூட்டித் தந்த மெக்கானிக், ஆம்பின் கெயினை முக்கால்வாசி திருப்பி வைத்திருக்கிறார். அது சரியா?

கெயின் என்பது வொலியூம் இல்லை. செட்டிலிருந்து வருகிற சிக்னலையும் ஆம்பையும் பொருத்துகிற திருகாணி, அவ்வளவுதான். அதைக் கூட்டினால் ஆம்பின் பவர் கூடாது, வொலியூம் சீக்கிரமே உச்சத்துக்குப் போய் அலையின் தலை வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட சத்தத்தில்தான் ட்வீட்டர்கள், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்கள், எரிகின்றன.

வீட்டில் சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள், ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் மாதிரிக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) எல்லாம் பூச்சியம், செட்டின் வொலியூமை முக்கால் பங்கில் வையுங்கள். முழு அளவில் பதிந்த 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போடுங்கள், சப்புக்கு என்றால் 50 ஹெர்ட்ஸ். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள். ஆம்பின் உண்மையான வாட்டை ஸ்பீக்கரின் ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 50 வாட், 4 ஓம்ஸ் என்றால் பெருக்கினால் 200, வர்க்கமூலம் 14.1. மீட்டர் 14 காட்டும் வரை திருகுங்கள், நிறுத்துங்கள். உண்மையான வாட் எது என்பதற்குப் பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள், உள்ளே உள்ள தாளில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை எடுங்கள். என்ஜினை ஓடவிட்டே அளங்கள், அப்போதுதான் ஆம்புக்கு 14 வோல்ட் பக்கமாகக் கிடைக்கும். பேஸ் பூஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதைத் தொடவே வேண்டாம்.

நுவரெலியா: இந்த உயரத்தில் காற்று மெல்லிசு, சத்தமும் மாறும் என்கிறார் ஒருவர். உண்மையா?

ஒலியின் வேகத்தை மாற்றுவது உயரமோ அழுத்தமோ இல்லை, வெப்பநிலை. 15 பாகையில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர், கொழும்பின் 30 பாகையில் சுமார் 349. காருக்குள் அது உங்கள் காதுக்குத் தெரியாது. ஆனால் காது ஒரு விஷயத்தில் ஏமாற்றும். கண்டி சுமார் 500 மீட்டர், நுவரெலியா 1868 மீட்டர். றம்பொடை வளைவுகளில் ஏறி வரும்போது காது அடைத்துக்கொள்ளும், எல்லாம் மந்தமாகக் கேட்கும். அந்த நேரத்தில் ஈக்யூவைத் தொட்டால் ட்ரெபிளைக் கண்டபடி கூட்டி வைத்துவிடுவீர்கள், மறுநாள் காலையில் போட்டால் காதைக் கிழிக்கும். எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு உட்காருங்கள்.

கம்பளை, விட்ஸ்: பாடகர் என் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கு. பேலன்ஸை இடப்பக்கம் தள்ளியும் சரிவரல.

வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற நமக்கு வலது கதவு ஸ்பீக்கர் கிட்டே, இடது தூரே. கிட்டே இருக்கிற சத்தம் முதலில் வருவதால் மூளை எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். பேலன்ஸ் சத்தத்தின் அளவைத்தான் மாற்றும், வந்து சேருகிற நேரத்தை மாற்றாது. உங்கள் செட்டில் டைம் அலைன்மெண்ட் இருக்கிறது, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியாகத் தாமதப்படுத்துகிற வசதி அது. டேப் எடுத்து, சீட்டில் உங்கள் தலை இருக்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளங்கள். உதாரணத்துக்கு வலது கதவு 90 சென்டிமீட்டர், இடது 140, டிக்கியில் சப் 210 என்று வைப்போம். மிகத் தூரமானதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தாமதப்படுத்த வேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். வலதுக்கு 120 சென்டிமீட்டர் வித்தியாசம், ஆக 3.5 மில்லி விநாடி. இடதுக்கு 70, ஆக 2.1. சில செட்டில் தூரத்தையே போட்டால் போதும், அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

சரிபார்க்க 1950, 60களின் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை மோனோ, இரண்டு பக்கமும் ஒரே சத்தம், அதனால் குரல் டாஷ்போர்டின் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் 0.1 மில்லி விநாடி அப்படி இப்படி மாற்றுங்கள். ஒன்று மட்டும், இது ஓட்டுகிறவருக்குத்தான் சரியாக இருக்கும். பக்கத்தில் இருக்கிறவருக்கு முன்னைவிட மோசமாகிவிடும், அதனால் குடும்பத்தோடு போகும்போது போட ஒரு பிரீசெட் தனியாகச் சேமித்து வையுங்கள்.

பண்டாரவளை, வேகன்ஆர்: அண்ணா, பின்சீட்டில் அம்மா உட்கார்ந்தால் தலைவலிக்குது என்கிறார். சத்தம் குறைவாகத்தான் வைக்கிறோம்.

தங்கச்சி, பின்னால் அம்மாவின் காதுக்குப் பக்கத்திலேயே ட்வீட்டர் பூட்டியிருக்கிறார்கள். ஃபேடரை முன்பக்கம் தள்ளுங்கள், பின்னால் லேசாகக் கேட்டால் போதும். அப்படியும் குறையாவிட்டால் பின் ட்வீட்டரைக் கழற்றிவிடலாம், முன்னால் உட்காருகிறவருக்கு எந்த நட்டமும் இல்லை.

மஸ்கெலியா, டொல்பின் வேன்: நிற்கும்போது பேஸ் இருக்கு, ஏத்தத்தில் காணாமல் போகுது.

காணாமல் போகவில்லை, டீசல் என்ஜினும் டயரும் போடுகிற தாழ்ந்த இரைச்சல் அதை மூடிவிடுகிறது. நிறுத்தி வைத்துச் சரியாகச் செட் பண்ணிய பிறகு சப் லெவலை மட்டும் 3 டெசிபெல் கூட்டி ஒரு பிரீசெட் வைத்துக்கொள்ளுங்கள். ஈக்யூவில் கூட்ட வேண்டாம்.

நிற்கும்போதும் பேஸ் மெலிவாக இருந்தால் வயர் மாறியிருக்கலாம். ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துப் பேஸைத் தின்றுவிடும். வயரைக் கழற்றி ஒரு 1.5 வோல்ட் பென் டோர்ச் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டால் கோன் வெளியே வரும். சப்புக்கு 0, 180 என்று சுவிட்ச் இருந்தால் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றிக் கேளுங்கள், எதில் பேஸ் கூடுகிறதோ அது.

அப்புத்தளை: கதவுத் தகடு அதிராமல் இருக்க ஒட்டிய டாம்பிங் ஷீட் உரிந்து வருது.

குளிரில் ஒட்டியிருப்பார்கள். பியூட்டைல் ஷீட் குளிரில் இறுகிப்போய் ஒழுங்காகப் பிடிக்காது. தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஹெயார் டிரையரால் தகட்டையும் ஷீட்டையும் சூடாக்கி, ரோலரால் அழுத்தித் தேயுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மூடிவிடாதீர்கள், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் திரையையும் கிழித்தெறியாதீர்கள். நம் மழைக்கும் பனிக்கும் அந்தத் திரை இல்லாவிட்டால் ஈரம் உள்பலகைக்கு வந்துவிடும். இங்கே காகிதக் கோனைவிடப் பொலிபுரொபிலீன் கோன்தான் தாங்கும்.

நாவலப்பிட்டி: எக்ஸிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் "ங்ஙீ" என்று ஏறுது.

எர்த் சரியில்லை. ஆம்பின் எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில், அரை மீட்டருக்குள் முடியுங்கள். செட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகிற ஆர்.சி.ஏ. வயரும் பற்றரி வயரும் ஒரே பக்கமாக ஓடினால் பிரியுங்கள். கையோடு பற்றரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரைச்சலைவிட அதுதான் அவசரம்.

இராகலை: ஈக்யூவை எந்தப் பாட்டு வைத்துச் செட் பண்ணுவது? போன் ஆப் போதுமா?

போன் ஆப் நடுச் சத்தத்துக்குப் பரவாயில்லை, பிங்க் நொய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) போட்டு எங்கே மேடு தெரிகிறது என்று பார்க்கலாம். ஆழமான பேஸுக்குப் போன் மைக்கை நம்பாதீர்கள்.

பாட்டு என்று கேட்டால், நேரில் கேட்டுப் பழகிய சத்தம் உள்ளதை எடுங்கள் என்பேன். நமக்குத் தப்பு மேளம் தெரியும். திருவிழாவில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம், அடி எப்படி விழும், எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று காதுக்குத் தெரியும். தப்பு மேளம் பதிந்த ஒன்றைப் போடுங்கள். அடி விழுந்து நிற்காமல் "பூம்" என்று இழுத்தால் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஏதோ ஒன்று கூடியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஈக்யூவில் ஒவ்வொரு பட்டையாக வேண்டுமென்றே ஏற்றிப் பாருங்கள், எங்கே சகிக்க முடியாமல் போகிறதோ அதுதான் ஆள், அதைப் பூச்சியத்துக்குக் கீழே 3, 4 டெசிபெல் இறக்குங்கள். அடுத்து நாதஸ்வரம். காது கூசினால் 2000 முதல் 4000 வரை இறக்குங்கள், மனிதக் காது கூர்மையாகக் கேட்கிற இடமே அந்தப் பக்கம்தான், அங்கே 2 டெசிபெல் மாற்றினாலும் தெரியும். கடைசியாகப் பெண் குரல். "ச", "ஸ்" எல்லாம் சீறினால் 6000 முதல் 8000. எங்கேயும் கூட்ட வேண்டிய தேவை அநேகமாக வராது. குறைத்த பிறகு மொத்தச் சத்தம் போதவில்லையா, வொலியூமைத் திருப்புங்கள், அதற்குத்தானே அது இருக்கிறது. யூடியூபிலிருந்து இறக்கி இரண்டு மூன்று கை மாறி வட்ஸ்அப்பில் வந்த பாட்டை வைத்து மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கொட்டகலை, ஆட்டோ: அண்ணே, பின்னால் 12 இஞ்சி சப் போடலாமா?

போடலாம், பேஸ் ரோட்டில் நிற்கிறவனுக்குத்தான் கேட்கும். மூடிய கார் கெபின் ஆழமான பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும், இரண்டு பக்கமும் திறந்த ஆட்டோவில் அது இல்லை. சின்ன பற்றரி வேறு. நல்ல இரண்டு ஸ்பீக்கரைப் பெட்டியோடு சீட்டுக்குப் பின்னால் வையுங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், குரல் தெளிவாக வரும். என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டாண்டில் மணிக்கணக்காகப் பாட்டுப் போடுகிற பழக்கம் இருந்தால் ஹயர் வரும்போது தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

பதுளை: ஜப்பானில் இருந்து வந்த செட். எஃப்.எம். பாதி ஸ்டேஷன் இல்லை, வருவதும் இரையுது.

அந்தச் செட் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கச் செய்தது, நம் ஸ்டேஷன்கள் 108 வரை போகின்றன. ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டால் வரும், திரையில் காட்டும் இலக்கம் மட்டும் வேறாக இருக்கும். இரைச்சலுக்குக் காரணம் மலை. ஒரே சிக்னல் நேராகவும் மலையில் பட்டும் வந்து மோதுகிறது, வளைவுக்கு வளைவு மாறும். மோனோவுக்கு மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள், இரைச்சல் நன்றாகக் குறையும். செட்டையே மாற்றுகிற யோசனை இருந்தால் எக்ஸ்பாண்டருக்குக் காசு போடாதீர்கள்.